முதலில் பாய், பிறகு கூடாரம்

கொடைக்கானலிலோ ஊட்டியிலோ முதன்முறையாகக் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் பார்ப்பது கூடாரத்தை. அடுத்து, கனமான போர்வையை. கீழே விரிக்கும் பாய், கையில் பணம் மிஞ்சினால் வாங்கும் பொருளாகிவிடுகிறது. இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பதற்கு இயற்பியலில் வலுவான காரணம் உண்டு. மலையில் இரவு தங்கத் தயாராவது என்றால், உடலின் சூடு எந்தெந்த வழியாக வெளியேறும் என்று கணக்கிட்டு, அவற்றில் பெரிய வழியை முதலில் அடைப்பதுதான்.

போர்வையும் ஸ்லீப்பிங் பேகும் தாமாகச் சூடு தருவதில்லை. இழைகளுக்கு இடையே காற்றை அசையாமல் பிடித்துவைக்கின்றன; அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். தண்ணீர் அதைப்போல் ஏறத்தாழ 24 மடங்கு கடத்தும். ஈர மண் இன்னும் அதிகமாக. படுத்ததும் உடலின் எடை முதுகுக்குக் கீழுள்ள இழைகளை நசுக்கி, அந்தக் காற்றை வெளியேற்றிவிடுகிறது. ஆகவே எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்லீப்பிங் பேக்கானாலும் அடிப்பக்கம் அது பெயரளவுக்கே காக்கும். எடைக்கு எளிதில் நசுங்காத ஃபோம் பாய் அங்கேதான் தேவைப்படுகிறது. வெப்பத்தைத் தடுக்கும் திறனை 'ஆர்' மதிப்பு என்று பாயின் மேலுறையில் குறிப்பிடுவார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பாய்களை விரித்தால் இரண்டின் மதிப்பையும் கூட்டிக்கொள்ளலாம். வெறும் காற்றடைத்த மெத்தை தடிமனாக இருந்தாலும், உள்ளே காற்று சுழன்று சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்விடும்.

எங்கே படுக்கிறோம் என்பதும் இதே கணக்கில் சேரும். மேகமில்லாத, காற்று வீசாத டிசம்பர், ஜனவரி இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வானத்தை நோக்கி இழக்கிறது. அதனால் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. நீலகிரியில் தலைகுந்தா போன்ற தாழ்வான புல்வெளிகள் உறைபனியால் வெளுப்பதற்கும், சற்று மேலே உள்ள சரிவுகள் தப்பிப்பதற்கும் இதுவே காரணம். ஓடைக்கரையின் அழகுக்கு மயங்காமல் கொஞ்சம் மேட்டில் கூடாரம் அடிப்பது காசு செலவில்லாத போர்வை.

மேய்ச்சல்காரர்கள் ஒரு கம்பளியோடு மலையில் இரவைக் கழித்தவர்கள்தானே என்று கேட்கலாம். சருகோ வைக்கோலோ பரப்பி அதன்மேல் படுத்தவர்களும் தரைக்கும் உடலுக்கும் இடையே காற்றை அடைத்தவர்களே. அவர்கள் அனுபவம் இந்த வாதத்துக்குத் துணை நிற்கிறது. கூடாரத்துக்குள் கரி அடுப்பு வைத்துக்கொண்டால் போதாதா என்பது ஆபத்தான யோசனை. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் இல்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தூங்குபவருக்கு எச்சரிக்கையே கிடைக்காது. குளிருக்குப் பயந்து எல்லாத் திறப்புகளையும் மூடுவதும் தவறு. மூச்சின் ஈரம் துணியில் நீராகப் படிந்து, சொட்டி, போர்வையை நனைக்கும். நனைந்த போர்வை வெப்பத்தைக் காக்காது.

காற்றையும் மழையையும் தடுக்கக் கூடாரம் வேண்டும்தான். ஆனால் அதன் மெல்லிய துணியால் குளிரைப் பெரிதாகத் தடுக்க முடியாது. முதல் பயணத்துக்கு அதை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தில் நல்ல பாய் வாங்குவதே புத்திசாலித்தனம்.