தவணைக்கு மேல் தவணை: வழக்கு நடைமுறையை யார் திருத்துவது?

மண்சரிவுக்குப் பின் லயத்தை விட்டு வெளியேறி, ஆற்றோரத்துத் துண்டு நிலத்தில் லீக்ஸும் கரட்டும் போட்டுப் பிழைக்கும் ஒரு குடும்பத்தோடு மலையகத்து நீதிமன்றம் ஒன்றுக்குப் போயிருந்தோம். விடியுமுன் பஸ் ஏறியவர்களைப் பதினொரு மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். எதிராளிக்கு அழைப்பாணை சேரவில்லையாம். அடுத்த தவணை மூன்று மாதம் கழித்து. எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. வெளியே வந்ததும் அந்த அம்மா கேட்டார்: "சாமி, இப்ப உள்ளுக்கு என்னா நடந்துச்சு?" தோட்டத்தில் வேலை செய்யும் மகனுக்கு அன்றைய பேர் போனது மட்டும் அவருக்கு நன்றாக விளங்கியிருந்தது.

நமது நாட்டில் குடியியல் வழக்குகள் இன்றும் 1889 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படியே நடக்கின்றன. கோப்பி அழிந்து தேயிலை வேரூன்றிய காலத்துச் சட்டம் அது. அதை அடியோடு மாற்ற ஒரு முயற்சி நடந்தது. பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க நீதி அமைச்சராக இருந்தபோது, 1973 இன் 44 ஆம் இலக்க நீதி நிர்வாகச் சட்டம் வந்தது. தாமதத்தைக் குறைப்பதே நோக்கம். நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால் 1977 இல் ஆட்சி மாறிய கையோடு 19 ஆம் இலக்கச் சட்டத்தால் பழைய கோவையே திரும்பி வந்துவிட்டது. அன்றாடம் அதைக் கையாளும் நீதிபதிகளும் சட்டத்தரணிகளும் மனமார ஏற்காத நடைமுறை நிலைக்காது என்றே நாம் இதிலிருந்து படிக்கிறோம்.

அதன்பின் நடந்தவை சிறு சிறு திருத்தங்கள். 2023 இன் 29 ஆம் இலக்கத் திருத்தம், விசாரணை தொடங்குமுன்பே இரு தரப்பையும் அழைத்து, ஒத்துக்கொண்டவை எவை, தகராறு எது என்று பிரித்துக்கொள்ள வழிசெய்தது. நல்லதுதான். ஆனால் அழைப்பாணையே போய்ச் சேராத இடத்தில் அதற்கு முந்திய படியல்லவா உடைந்திருக்கிறது?

இங்கேதான் நமது பகுதிச் சட்டத்தரணிகளின் அனுபவம் வேண்டும். லயத்துக்கு வீதியும் கிடையாது, வீட்டு இலக்கமும் கிடையாது. கடிதம் தோட்டக் கந்தோர் வழியாக வருவதே வழக்கம். கொழும்பில் சட்டம் வரைபவருக்கு இது எப்படித் தெரியும்? மொழியும் அப்படித்தான். எந்த நீதிமன்றத்திலும் தமிழில் மனுக் கொடுக்கவும், நடப்பதை விளங்கிக்கொள்ள அரச செலவில் மொழிபெயர்ப்புப் பெறவும் அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. ஆளில்லாவிட்டால் உரிமை ஏட்டோடு நின்றுவிடும். தவணைக்குத் தவணை கட்டணம் வாங்குபவரிடம் மட்டும் தாமதத்தைப் பற்றிக் கேட்பதும் போதாது. (சட்டத்தரணி நண்பர்கள் கோபிக்கக் கூடாது.) வாசலில் காத்திருப்பவரையும் கேட்க வேண்டும்.

திருத்தம் வரும்வரை நாம் சும்மா இருக்க முடியாது. தோட்டத்தில் வேலை செய்கிறவரையோ முன்பு செய்தவரையோ அவரைச் சார்ந்தோரையோ நீதிமன்றக் கட்டளையின்றித் தோட்டக் குடியிருப்பிலிருந்து வெளியேற்ற முடியாது என்கிறது 1971 இன் 2 ஆம் இலக்கச் சட்டம். துரையின் கடிதம் நீதிமன்றக் கட்டளை ஆகாது.

காணித் தகராறு சண்டையாக மாறும் நிலை இருந்தால், 1979 இன் 44 ஆம் இலக்கச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின்படி நேரே ஆரம்ப நீதிமன்றத்துக்குப் போகலாம். பலாத்காரமாகத் துரத்தப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். இதை எத்தனையோ குடும்பங்கள் ஆறு மாதம் கழித்துத்தான் எங்களிடம் வந்து சொல்கின்றன. முதலில் தலைவரிடம் போனோம், பிறகு பொலிசுக்குப் போனோம் என்பார்கள். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

அரச காணியில் இருப்போர் நிலைமை இன்னும் கடினம். 1979 இன் 7 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளியேறும் அறிவித்தலுக்குக் குறைந்தது முப்பது நாள் தவணை உண்டு. பிறகு நீதவான் முன் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் அல்லது அரசின் எழுத்துமூல அதிகாரம் காட்டினால்தான் தப்பலாம். எத்தனை வருடம் பயிர் செய்தோம் என்பது அங்கே எடுபடாது. ஆகவே பிரதேச செயலகத்தில் எந்தத் துண்டுக் கடிதம் கிடைத்தாலும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தவணைக்கும் அந்த அம்மாவோடு போனோம். இந்தத் தடவை அவருடைய சட்டத்தரணி வெளியே வந்து, படியில் உட்கார்ந்து, நடந்ததைத் தமிழில் சொன்னார். பத்து நிமிடம் எடுத்தது.