மெல்லச் சூடேறட்டும் உடல்!

ஈரம் காயாத களிமண் அகலைச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் பார்க்கும் வீடுகளில் இதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். காய்ந்த பிறகும் அவசரம் ஆகாது. வெப்பம் 573 டிகிரி செல்சியஸை எட்டும்போது மண்ணில் கலந்துள்ள குவார்ட்ஸ் சட்டென விரியும். ஆறும்போது அதே இடத்தில் சட்டெனச் சுருங்கும். அந்தக் கட்டத்தை நிதானமாகக் கடக்காவிட்டால் பொருளில் கீறல் விழும்.

ஓட ஆசைப்படும் உடலுக்கும் இந்த நிதானம் தேவை. புது ஷூ வாங்கிய முதல் நாளே மூன்று கிலோமீட்டர் ஓடிவிட்டு, மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு படியிறங்க முடியாமல், "நமக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று ஷூவைப் பரணில் போட்டவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. ஓட்டம் அவர்களுக்கு ஒத்துவராமல் போகவில்லை. தொடங்கிய வேகம்தான் தவறு.

எதற்காக ஓட வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் அது கணக்கிட்டது. ஓடும்போது கால், தொடைத் தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை நேரடியாக இழுத்துச் செலவழிக்கின்றன. தொடர்ந்து ஓடுபவர்களுக்கு இன்சுலினும் நன்றாக வேலை செய்யும். ரத்த அழுத்தம் குறையும். படுத்தவுடன் தூக்கம் வரும்.

இதற்கு மணிக்கணக்கில் ஓட வேண்டியதில்லை. அமெரிக்காவில் சுமார் 55 ஆயிரம் பேரைச் சராசரியாக 15 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2014-ல் வெளியானது. ஓடும் பழக்கம் உள்ளவர்களிடையே இதய நோயால் ஏற்படும் மரணம், ஓடாதவர்களைவிட 45 சதவீதம் குறைவாக இருந்தது. தினம் ஐந்து முதல் பத்து நிமிடம் மெதுவாக ஓடியவர்களிடமும் நல்ல பலன் தெரிந்தது. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 நிமிடம் கடுமையான பயிற்சி போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வயது தடையா?

இல்லை. 2021-ல் தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற மா.சுப்பிரமணியன் விபத்தில் முழங்காலில் பலத்த காயம் பட்டவர். சர்க்கரை நோயும் உண்டு. ஐம்பது வயதைக் கடந்த பிறகு ஓடத் தொடங்கி, 21 கிலோமீட்டர் கொண்ட அரை மாரத்தானை நூறு முறைக்கு மேல் ஓடி முடித்திருக்கிறார். மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைக்கும் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டமும் 2023 நவம்பரில் தொடங்கப்பட்டது. நடையே ஓட்டத்தின் முதல் படி.

முழங்கால் தேய்ந்துவிடாதா?

பலரும் கேட்கும் கேள்வி இது. மூட்டிலுள்ள குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. பாரம் விழுந்து அழுந்தி, பாரம் விலகி விரியும்போதுதான் மூட்டுத் திரவத்திலிருந்து அது ஊட்டம் பெறுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியிட்ட கணக்கின்படி, இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம், ஓடாதவர்களில் 10.2 சதவீதம், போட்டிக்காகக் கடுமையாக ஓடுபவர்களில் 13.3 சதவீதம். ஆக, அளவோடு ஓடினால் மூட்டுக்குக் கெடுதல் இல்லை. உடல் எடை மிக அதிகமாக உள்ளவர்களும் ஏற்கெனவே மூட்டு வலி உள்ளவர்களும் மட்டும் நடையில் தொடங்கி, மருத்துவரிடம் கேட்ட பிறகு ஓடலாம்.

பத்து வாரத் திட்டம்

வாரத்தில் மூன்று நாள் போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடுங்கள். மூச்சும் தசையும் சீக்கிரம் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும். முதல் மாதம் "இன்னும் ஓடலாமே" என்று தோன்றும்போதே நிறுத்திக்கொள்ள வேண்டியது இதனால்தான்.

முதல் 2 வாரம்: 5 நிமிடம் வேகநடை. பிறகு 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என 8 முறை.

3, 4-ஆம் வாரம்: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என 6 முறை.

5, 6-ஆம் வாரம்: 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என 4 முறை.

7, 8-ஆம் வாரம்: 10 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என 2 முறை.

9, 10-ஆம் வாரம்: 20 நிமிடம் நிற்காத ஓட்டம்.

எவ்வளவு வேகம்? பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். முடித்ததும் சட்டென உட்காராமல் ஐந்து நிமிடம் நடந்து உடலை ஆறவிடுங்கள்.

பீங்கான் தொழிலாளர்கள் கவனத்துக்கு

அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கட்டை என்று எதைச் செய்தாலும் காய்ந்த களிமண் தூசு பறக்கும். அதிலுள்ள நுண்ணிய சிலிக்கா கண்ணுக்குத் தெரியாது. நுரையீரலின் அடிவரை போய்ப் படியும். பல ஆண்டுகள் சேர்ந்தால் சிலிகோசிஸ் நோய் வரும். அதைத் தொடர்ந்து காசநோய் வரும் ஆபத்தும் கூடும். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை இழுக்கும் நுரையீரல், ஓடும்போது பல மடங்கு இழுக்கும். ஆகவே பட்டறைகள் உள்ள தெருவிலும், லாரி போகும் சாலையோரத்திலும் ஓடாதீர்கள்.

விடாத இருமல், படியேறும்போது மூச்சிரைப்பு இருந்தால் ஓட்டத்தைத் தள்ளிவைத்து, அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். பட்டறைத் தரையை உலர்வாகப் பெருக்காமல் தண்ணீர் தெளித்துத் துடைப்பதே நல்லது. சூளையடியில் வேலை முடித்த கையோடு ஓட வேண்டாம். வியர்வையில் உடல் ஏற்கெனவே வற்றியிருக்கும்.

வெயிலும் தண்ணீரும்

நம் ஊர் வெயிலுக்கு விடியற்காலையே சரியான நேரம். கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீர், திரும்பியதும் உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ போதும். ஓடும்போது யாருக்காவது தலைசுற்றல், குமட்டல், பேச்சில் தடுமாற்றம் வந்தால் உடனே நிழலில் படுக்கவைத்து, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறி, 108-ஐ அழையுங்கள்.

மைதானத்து மண் தரை காலுக்கு இதமானது. விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றங்கரைப் பக்கமோ கோயில் வீதிகளிலோ ஓடினால், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலப்பக்கம் ஓடுங்கள். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி அசையாமல் நில்லுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

யார் முதலில் பரிசோதிக்க வேண்டும்?

நெஞ்சு வலி, படபடப்பு, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொண்டு, ஓடி முடித்ததும் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. எளிதில் களைத்துப்போகும் பெண்கள் முதலில் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளரிடம் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம்.

நாளைக் காலை ஐந்து நிமிடம் நடந்து, ஒரே ஒரு நிமிடம் ஓடிப் பாருங்கள். வீட்டில் ஒருவரையும் கூட அழைத்துப் போங்கள். பத்து வாரம் பொறுமையாக இருந்தால் போதும். அதன் பிறகு ஓடாத நாளில்தான் "ஏன் ஓடவில்லை?" என்று உடம்பு உங்களைக் கேட்கும்.