ஊரிலிருந்து வந்தோர்க்கு நம் கொல்கத்தா



பணியின் பொருட்டும் வணிகத்தின் பொருட்டும் தமிழகத்தை விட்டு வந்து, கொல்கத்தா மாநகரில் குடியேறி வாழும் நம் இல்லங்களுக்கு ஊரிலிருந்து விருந்தினர் வருவது வழக்கம். பெற்றோர் வருவர், மாமனார், மாமியார் வருவர், காசிக்கும் கயைக்கும் செல்லும் வழியில் பெரியம்மாவும் சித்தியும் வந்து நான்கு நாள் தங்குவர். 2001-ஆம் ஆண்டில் நகரின் பெயர் முறைப்படி கொல்கத்தா என்று மாறிவிட்டபோதிலும், அவர்கள் நாவில் இது இன்றும் கல்கத்தாதான். சென்னை மெயில் ஹௌரா நிலையத்தில் வந்து நிற்கிறது. பயணம் சௌக்கியமா என்று நாம் கேட்கிறோம். வீடு வந்து நீராடி, ஒரு வாய் காப்பி அருந்தியதும் அவர்கள் நம்மைக் கேட்பது, "இங்கே என்னென்ன பார்க்க வேண்டும்?" என்பதே.

இக்கேள்விக்கு நாம் கூறும் விடை பெரும்பாலும் ஒன்றேதான். காளி கோயில், விக்டோரியா நினைவு மண்டபம், ஹௌரா பாலம் என்று மூன்று பெயர்களைச் சொல்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு வண்டியை அமர்த்திக்கொண்டு, காலையில் புறப்பட்டு மாலைக்குள் மூன்றையும் காட்டிவிடுகிறோம். முழங்கால் வலியோடு முதியோர் திரும்புகின்றனர். மறுநாள் நாம் அலுவலகம் சென்றுவிடுகிறோம். அவர்கள் எஞ்சிய நாட்களைத் தொலைக்காட்சியின் முன் கழிக்கின்றனர்.

நாங்கள் அறிந்த ஓர் இல்லத்தில் நிகழ்ந்ததைச் சொல்கிறோம். இருபது ஆண்டுகளாக இந்நகரில் பணியாற்றும் மகனிடம் எழுபது வயதுத் தந்தையார் வந்து தங்கினார். மகனும் மேற்கூறியவாறே ஊரைச் சுற்றிக் காட்டினார். விடைபெறும் வேளையில் நிலையத்தில் தந்தையார், "எல்லாம் பார்த்தேன் தம்பி. நீ தினமும் போய்வருகிற வழியை மட்டும் பார்க்கவில்லை," என்றார். குறையாக அவர் அதைச் சொல்லவில்லை. ஆயினும் அவர் நெடுந்தொலைவு வந்தது பளிங்கு மண்டபத்தைக் காண அன்று. தம் மகன் எத்தகைய ஊரில் வாழ்கிறான் என்று கண்டு செல்லவே வந்தார். அதை அந்த மகன் வண்டி நகர்ந்த பின்னரே உணர்ந்தார்.

ஆதலின் விருந்தினர்க்கு நகரைக் காட்டுவதில் ஒரு முறையை நாம் கைக்கொள்ளல் நன்று. ஐந்து நாட்கள் கிடைத்தால் நாளுக்கு ஒரு திசை. ஒரு திசையில் இரண்டு அல்லது மூன்று இடங்கள். அவற்றுள் ஒன்றேனும் முதியோர் அமர்ந்து இளைப்பாறத் தக்கதாய் இருத்தல் வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள காலமே இதற்கு ஏற்றது.

முதல் நாளை ஆற்றுக்கு அளிப்போம். ஹூக்ளி என்று நாம் வழங்கும் இவ்வாறு கங்கையின் கிளையேயாகும். ஆதலின் கங்கை நீரைக் கண்ணால் கண்டோம் என்னும் நிறைவு முதியோர்க்கு முதல் நாளிலேயே கிட்டிவிடும். அதிகாலையில் பாலத்தின் கீழ்க்கோடியில் உள்ள மல்லிக் காட் பூச்சந்தைக்கு அழைத்துச் செல்லுங்கள். சாமந்தி மாலைகள் மலைபோல் குவிந்து கிடக்கும் காட்சியைக் காண, ஊரில் பூக்கடையைக் கடந்தாலே நின்றுவிடும் நம் தாய்மார்க்கு இரண்டு கண்கள் போதா. அங்கிருந்து நிமிர்ந்து பாலத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 1874-இல் அமைந்த பழைய மிதவைப் பாலத்திற்கு மாற்றாக எழுந்த இது, 1943 பிப்ரவரியில் போக்குவரத்திற்குத் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 26,500 டன் எஃகு இதில் உண்டு; அதன் பெரும்பகுதி நம் நாட்டு டாட்டா ஆலையில் உருவானது. ஆற்றின் நடுவே ஒரு தூண்கூட இல்லை. மரையாணிகள் இன்றித் தறையாணிகளாலேயே இது முழுவதும் இணைக்கப்பட்டுள்ளது. 1965-இல் கவியரசர் தாகூரின் நினைவாக இதற்கு ரவீந்திர சேது என்று பெயரிட்டனர்.

பாலத்தை ஒருமுறை நடந்தும், ஒருமுறை படகிலும் கடப்பது நலம். மூன்றாவது வழியும் இன்று உண்டு. 1984-இல் நாட்டின் முதல் சுரங்க ரயிலை ஓட்டிய இந்நகரம், 2024 மார்ச்சில் ஆற்றுக்கு அடியிலேயே ரயிலை ஓட்டிற்று. நீரின் கீழ் ஏறத்தாழ 520 மீட்டர்த் தொலைவை வண்டி ஒரு நிமிடத்திற்குள் கடக்கின்றது. உடன்வரும் சிறுவர்க்கு இதைவிட இனிய காட்சி வேறில்லை.

இரண்டாம் நாள் சௌரங்கிப் பகுதி. இந்திய அருங்காட்சியகம் 1814-இல் ஆசியக் கழகத்தாரால் தொடங்கப்பெற்றது. நம் நாட்டு அருங்காட்சியகங்களுள் மிகத் தொன்மையானது இதுவே. இப்போதுள்ள கட்டடம் 1878-இல் திறக்கப்பட்டது. எகிப்து நாட்டு மம்மியைக் காண மக்கள் கூடுவது இயல்பே. எனினும் நாம் விருந்தினரை முதலில் அழைத்துச் செல்ல வேண்டுவது பார்ஹுத் கூடத்திற்கு. மத்தியப் பிரதேசத்தில் அழிந்துபோன பௌத்தத் தூபி ஒன்றின் செந்நிறக் கல்வேலி அங்கே நிறுத்தப்பட்டுள்ளது. 1873-இல் கன்னிங்காம் கண்டறிந்த இது, கி.மு. இரண்டாம் நூற்றாண்டினது என்பர். புத்தரின் முற்பிறப்புக் கதைகளைச் செதுக்கிய சிற்பிகள், எது எந்தக் கதை என்று அருகிலேயே பிராமி எழுத்தில் பொறித்தும் வைத்தனர். நம் பாண்டி நாட்டு மலைக்குகைகளில் உள்ள பழந்தமிழ்க் கல்வெட்டுகளும் இவ்வெழுத்துக்கு நெருங்கிய உறவுடைய வடிவில் அமைந்தவையே. சென்னை எழும்பூரில் அமராவதிச் சிற்பங்களைக் கண்டவர்கள், இங்கே அதனினும் முற்பட்ட கைத்திறனைக் காணலாம். கூடங்கள் பல, அனைத்தையும் ஒரே நாளில் பார்க்க முயல வேண்டா.

மாலையில் விக்டோரியா நினைவு மண்டபம். இராஜஸ்தானத்து மக்ரானாவிலிருந்து கொணர்ந்த வெண்பளிங்கால் ஆனது. 1906-இல் அடிக்கல் நாட்டினர்; 1921-இல் திறந்தனர். ஆனால் 1911-இலேயே தலைநகர் தில்லிக்கு மாறும் என்ற அறிவிப்பு வெளியாகிவிட்டது. பேரரசின் பெருமையைப் பறைசாற்ற எழுந்த மண்டபம் கட்டி முடிவதற்குள், இவ்வூர் தலைநகர் என்னும் பதவியையே இழந்துவிட்டது. இதைச் சொல்லிக் காட்டினால் காண்போர்க்குப் பளிங்கு பேசத் தொடங்கும். தோட்டத்தில் அமர இடம் உண்டு. ஒன்றை மறவாதீர்: திங்கட்கிழமையன்று அருங்காட்சியகமும் இம்மண்டபத்தின் காட்சிக்கூடங்களும் மூடப்பட்டிருக்கும்.

மூன்றாம் நாள் வடக்கே செல்வோம். இராணி ராசமணி எழுப்பிய தட்சிணேசுவரம் காளி கோயில் 1855-இல் குடமுழுக்குக் கண்டது. இராமகிருஷ்ண பரமஹம்சர் பூசை புரிந்த இடம். சுரங்க ரயில் தடம் 2021 முதல் அவ்வூர்வரை செல்வதால், முதியோர்க்குப் பயணம் எளிதாயிற்று. அங்கிருந்து படகேறி அக்கரையில் உள்ள பேலூர் மடத்தை அடையலாம். அங்குள்ள பெருங்கோயில் 1938 சனவரி 14 அன்று திறக்கப்பெற்றது. விவேகானந்தர் 1893-இல் சிகாகோ செல்வதற்காகச் சென்னையில் அளசிங்கப் பெருமாளும் அவர்தம் தோழர்களும் வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டிய வரலாற்றை, அம்மடத்து ஆற்றங்கரையில் அமர்ந்து நம் குழந்தைகளுக்குச் சொல்லலாம். மடம் நண்பகலில் மூடப்பட்டு மாலையில் மீண்டும் திறக்கப்படும் ஆதலின், நேரம் விசாரித்துச் செல்க.

நான்காம் நாள் ஏட்டுக்கும் கலைக்கும் உரியது. ஜோராசாங்கோவில் உள்ள தாகூர் இல்லத்தில்தான் கவிஞர் 1861-இல் பிறந்தார். 1941-இல் மறைந்ததும் அவ்வில்லத்திலேயே. அங்கிருந்து குமார்துலி தொலைவில் இல்லை. குயவர் குடியிருப்பான அத்தெருக்களில் வைக்கோலைக் கட்டி, ஆற்றுக் களிமண்ணைப் பூசித் துர்க்கையின் திருவுருவங்களைச் சமைக்கின்றனர். 2021 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் கொல்கத்தாவின் துர்க்கா பூசையை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. நம் வீடுகளில் கொலு வைக்கும் அதே நாட்களில்தான் இங்கு அப்பூசை நிகழ்கின்றது. நாம் மண் பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து மறு ஆண்டும் எடுக்கிறோம். இவர்களோ மாதக்கணக்கில் உழைத்துச் செய்த உருவை ஆற்றில் கரைத்துவிட்டு, அடுத்த ஆண்டு புதிதாகச் செய்கின்றனர். பாட்டிமார்க்கு இதை விளக்கினால், அவர்கள் அக்குயவரோடு மொழியின்றியே அளவளாவத் தொடங்கிவிடுவர்.

திரும்பும் வழியில் காலேஜ் தெருவின் புத்தகக் கடைகளைக் கடந்து, பௌபஜார் தெருவிற்கு வாருங்கள். இன்று அது பிபின் பிகாரி கங்கூலி தெரு எனப்படுகிறது. அங்கு பார்ப்பதற்குப் பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. ஆயினும் நம்மவர் அறிய வேண்டிய கதை ஒன்று அங்கே உண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வேங்கடராமன், 1907-இல் கணக்குத் துறை அலுவலராக இந்நகருக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பதுகூட நிறையவில்லை. அலுவலகத்திற்குச் சென்று வரும் டிராம் வண்டியிலிருந்து, இத்தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகையைக் கண்டார். இறங்கிச் சென்று கதவைத் தட்டினார். 1876-இல் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய அக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில், அலுவலுக்கு முன்னும் பின்னும் பணிபுரிந்தார். பின்னாளில் அரசுப் பதவியைத் துறந்து பல்கலைக்கழகப் பேராசிரியரானார். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனின் துணையுடன் அங்கே மேற்கொண்ட ஆய்வு, 1928 பிப்ரவரி 28 அன்று இராமன் விளைவாகப் பயன் தந்தது. 1930-இல் நோபல் பரிசு வந்தது. கழகம் பின்னர் ஜாதவ்பூருக்கு மாறிற்று. டிராம் தடங்களுள் பெரும்பாலானவையும் நின்றுவிட்டன.

அலுவலகம் செல்லும் வழியைக் கண் திறந்து பார்த்த ஒரு தமிழரின் கதை இது. நம்முள் எத்தனை பேர் நாள்தோறும் கடக்கும் தெருவின் பெயர்ப்பலகைகளைப் படித்திருக்கிறோம்? வங்க எழுத்துத் தெரியாது என்று கூறி நாம் தப்பிக்கலாம். நம் குழந்தைகள் அவ்வாறு கூறார். இங்கே பள்ளியில் பயிலும் பேத்தி வங்கப் பலகையைப் படித்துப் பாட்டிக்குத் தமிழில் சொல்லட்டும். இவ்வூரில் அவளே நம்மினும் சிறந்த வழிகாட்டி என்பதை அன்று நாம் அறிவோம். தன் தமிழ் கொச்சையாக இருக்கிறதே என்று உறவினர் முன் கூசி ஒதுங்கும் குழந்தைக்கு, அது பெரியதோர் ஊக்கமாகும்.

ஐந்தாம் நாள் காலையில் ஆற்றின் மேல்கரையிலுள்ள சிப்பூர் தாவரவியல் தோட்டம். 1787-இல் இராபர்ட் கைடு நிறுவியது. 2009 முதல் ஜகதீச சந்திர போசின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அங்குள்ள பேராலமரம் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குக் குறையாத வயதுடையது என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்புயல்களால் ஊறுபட்ட அதன் அடிமரம் காளான் நோயால் அழுகிப் போனதால், 1925-இல் அதை வெட்டி அகற்றினர். அன்று தொட்டு மூவாயிரத்திற்கு மேற்பட்ட விழுதுகளின் வலிமையாலேயே மரம் வாழ்கின்றது. நான்கு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் படர்ந்து இன்னும் வளர்கின்றது. தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் அந்நிழலில் அமர்ந்திருக்கையில், இங்கேயே வேரூன்றிவிட்ட பிள்ளைகளை நோக்கிச் சற்றே மௌனமாவதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

நூற்பற்றுடைய விருந்தினர் எவரேனும் இருப்பின், அலிப்பூரில் உள்ள தேசிய நூலகத்தைப் பற்றிச் சொல்லுங்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகள் அங்கே சேர வேண்டும். ஆதலின் அங்கு தமிழ் நூல்களும் பெருந்தொகையாக உள்ளன. பேராசிரியர் வையாபுரிப் பிள்ளையவர்கள் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் சுவடிகளும் அங்கேதான் தனித்தொகுப்பாகப் பேணப்படுகின்றன.

இனி, ஐந்தாம் நாளின் பிற்பகலை எந்தப் புகழ்பெற்ற இடத்திற்கும் தராதீர்கள். அதை உங்களுக்கென வைத்துக்கொள்ளுங்கள். வாழையிலையும் கறிவேப்பிலையும் வாங்கும் லேக் மார்க்கெட் கடை, மாலையில் நடக்கும் ஏரிக்கரை, குழந்தையின் பள்ளி வாயில், நாள்தோறும் நின்று தேநீர் அருந்தும் மண்குவளைக் கடை ஆகியவற்றைக் காட்டுங்கள். அலுவலகக் கட்டடத்தை வாயிலில் நின்றேனும் காட்டுங்கள். நோயுற்ற காலத்தில் இரவெல்லாம் உடனிருந்த வங்காளி அண்டை வீட்டாரை அழைத்து வந்து, "இவர்கள்தாம் எங்களுக்கு இங்கே உற்றார்," என்று அறிமுகம் செய்யுங்கள். பார்வையாளர் கையேடு எதிலும் இவ்விடங்கள் இரா.

ஊர் திரும்பிய பின் அவர்கள் விக்டோரியா மண்டபத்தைப் பற்றி ஒருமுறை பேசுவர். பிள்ளை நிற்கும் தேநீர்க்கடையைப் பற்றியும், பேத்தி படித்துக் காட்டிய பெயர்ப்பலகையைப் பற்றியும் பலமுறை பேசுவர். அயலூரில் பிள்ளை எப்படி இருக்கிறானோ என்ற கவலை அவர்கள் நெஞ்சில் பாதியாகும். அதற்காகவேனும், அடுத்த முறை சென்னை மெயில் வருவதற்கு முன், ஒரு விடுமுறை நாளில் நாம் குடும்பத்தோடு புறப்பட்டு, நாம் வாழும் ஊரை முதலில் நாமே பார்த்து வருவோமாக.