சிட்டிலிங்கி: அன்றும் இன்றும்

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே இருக்கிறது சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு. மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடி மக்களும் வாழும் பகுதி. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதை எட்டவில்லை. பிரசவத்தில் தாய்மாரும் இறந்தார்கள். அருகிலிருந்த மருத்துவமனைக்கே 48 கிலோமீட்டர். அறுவை சிகிச்சை என்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். பேதியும் சளிக்காய்ச்சலும் உயிரைக் குடிக்க அந்தத் தூரமே போதுமானதாக இருந்தது.

காந்திகிராமத்தில் பணியாற்றிய மருத்துவத் தம்பதியர் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-இல் இங்கே குடியேறினார்கள். ஊர்மக்கள் மண்சுவர் வைத்து ஒரு குடிசை கட்டிக்கொடுத்தார்கள். ஒரு மரப்பெஞ்சு, ஒரு 100 வாட் பல்பு. பிரசவமும் சிகிச்சையும் அதிலேதான்.

இன்று அந்தக் குடிசை மருத்துவமனையாக வளர்ந்திருக்கிறது; 35 படுக்கைகள், அறுவை அரங்கு, பிரசவ அறை, பரிசோதனைக்கூடம் எல்லாம் உண்டு. சிசு மரணம் ஆயிரத்துக்கு 20 என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஆனால் இந்த மாற்றத்தைக் கட்டடத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

உள்ளூர்ப் பெண்கள்தான் இங்கே செவிலியர்கள். அதிகம் படிக்காத மலைப் பெண்களுக்கு ரெஜியும் லலிதாவும் பிரசவம் பார்க்கவும், ஊசி போடவும், அறுவை அரங்கில் உதவவும் கற்றுக்கொடுத்தார்கள். ஒவ்வொரு ஊரும் தனக்கென ஒரு சுகாதாரப் பணியாளரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. குழந்தையின் எடை சரிந்தாலும், கர்ப்பிணியின் கால் வீங்கினாலும் அந்த அக்காவின் கண்ணில்தான் முதலில் படும். அவர் சொன்னால் மாமியார்கூட மறுப்பதில்லை. வெளியூர் டாக்டர் சொல்லுக்கு அன்று இல்லாத மதிப்பு, சொந்தக்காரப் பெண்ணின் சொல்லுக்கு உண்டு.

எடை குறைந்த குழந்தைக்கு மருந்து மட்டும் போதாது, வீட்டில் சோறு வேண்டும். அதனால் வேலை வயலுக்குப் போனது. கைவிட்டுப்போன சாமை, தினை, கேழ்வரகு திரும்பின. இரண்டாயிரத்துக்குப் பின் ஒரு சில விவசாயிகளோடு தொடங்கிய இயற்கை விவசாயிகள் சங்கத்தில் இன்று நூற்றுக்கணக்கானோர் இருக்கிறார்கள். மறைந்துகொண்டிருந்த லம்பாடி ஊசிவேலைப்பாட்டை மீட்ட பெண்கள் ‘போர்கை’ என்ற பெயரில் சங்கம் அமைத்து, தைத்த உடைகளை நகரங்களில் விற்கிறார்கள். ‘துளிர்’ கல்வி மையம், பள்ளிப்படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைக் கைதூக்கி விடுகிறது.

மருத்துவமனையும் வயலும் ஊசிநூலும் பள்ளியும் தனித்தனித் திட்டங்களாக நின்றிருந்தால் இத்தனை நடந்திருக்காது. மலையூர்களுக்குத் திட்டம் வகுப்போர் கட்டடத்துக்கு மதிப்பீடு போடும் முன், அந்த ஊர்ப் பெண்கள் பத்துப் பேரைப் பயிற்சிக்கு அழைக்கட்டும். சிட்டிலிங்கியில் குழந்தைகள் பிழைத்தது அப்படித்தான்.