கால்வாய்க் கரைப் பட்டணங்கள்

சூயஸ் கால்வாயைப் பற்றி நாம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லும் பாடம் மிகவும் சுருக்கமானது. நீளம் சுமார் நூற்றிருபது மைல். திறக்கப்பட்டது 1869-ஆம் வருஷம் நவம்பர் 17-ஆம் தேதி. வெட்டுவித்தவர் பிரெஞ்சுக்காரரான லெஸ்ஸெப்ஸ். அதன் கரையில் எழுந்த பட்டணங்களைப் பற்றி நாம் ஒன்றும் சொல்வதில்லை. உண்மையில் அவையே பெரிய பாடமாகும்.

1859-இல் மத்தியதரைக் கடலோரத்து வெறும் மணல் திட்டில் வேலை ஆரம்பமாயிற்று. அங்கு எழுந்த துறைமுகத்துக்கு எகிப்து அதிபதி ஸையத் பாஷாவின் பெயரால் போர்ட் ஸையத் என்று பெயரிட்டார்கள். கால்வாயின் மத்தியில், திம்ஸா ஏரிக்கரையில் 1863-இல் நிர்மாணிக்கப்பட்ட பட்டணம், அடுத்த அதிபதி இஸ்மாயில் பாஷாவின் பெயரால் இஸ்மாயிலியா ஆயிற்று. பெயர்கள் எகிப்து தேசத்தவை. ஆனால் தெருக்களுக்குக் கோடு கிழித்தவர்கள் கால்வாய்க் கம்பெனியார்.

அந்தக் கோடுகள் நேரானவை; அழகானவை. ஆனால் அவை மனிதர்களையும் பிரித்தன. இஸ்மாயிலியாவின் கிழக்கே நிழல் மரச் சாலைகளும், தோட்டம் சூழ்ந்த மாளிகைகளும் ஐரோப்பிய உத்தியோகஸ்தர்களுக்கு. மேற்கே நெருக்கமான வீடுகள் அரபு ஜனங்களுக்கு. போர்ட் ஸையத்திலோ எகிப்தியர் வசித்த பகுதிக்கு 'அரபு கிராமம்' என்றே பெயர். சொந்த தேசத்துப் பட்டணத்தில் அவர்கள் கிராமத்தார்!

பாலைவனத்தில் தோட்டம் தழைக்கத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? நைல் நதியிலிருந்து வெட்டிய நன்னீர்க் கால்வாயிலிருந்து. அதை வெட்டியவர்கள், கட்டாய வேலைக்குப் பிடித்து வரப்பட்ட எகிப்தியக் குடியானவர்கள். அந்தக் கட்டாய முறை 1864-இல்தான் ஒழிந்தது.

1927-இல் ஹஸன் அல்-பன்னா என்ற வாலிப உபாத்தியாயர் இஸ்மாயிலியாவுக்கு வேலையாக வந்தார். இரு பகுதிகளின் ஏற்றத்தாழ்வையும், அரபுத் தெருக்களிலுங்கூட அந்நிய பாஷைப் பெயர்ப் பலகைகள் தொங்கியதையும் பின்னாளில் மனம் வெதும்பி எழுதினார். மறு வருஷம் அவ்வூரிலேயே அவர் முஸ்லிம் சகோதரர் சங்கத்தை ஸ்தாபித்தார். அச்சங்கத்தின் கொள்கைகளைப் பற்றி நாம் எவ்வாறு எண்ணினாலும், ஒரு தெருப்பலகை மனிதன் மனத்தில் எவ்வளவு ஆழமாகத் தைக்கும் என்பதை மறுப்பதற்கில்லை.

1956 ஜூலை 26-ஆம் தேதி நாஸர் கால்வாயைத் தேசிய உடைமையாக்கினார். அவ்வருஷம் டிசம்பரில் போர்ட் ஸையத்திலிருந்த லெஸ்ஸெப்ஸின் சிலை வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. ஆனால் இஸ்மாயிலியாவின் நிழற்சாலைகளை யாரும் தகர்க்கவில்லை. கால்வாயை நிர்வகிக்கும் எகிப்திய ஸ்தாபனத்தின் தலைமை நிலையம் இன்று அங்கேதான் இருக்கிறது. சிலை அந்நியனுடையது; மரங்களோ தங்கள் பாட்டன்மார் வெட்டிக் கொணர்ந்த தண்ணீரில் வளர்ந்தவை அல்லவா?