உங்களுக்குத் தெரியுமா? பேச்சு ஓசி, நாளுக்குத்தான் காசு!

● ஆண்டுக்கு 12 மாதம்தான். ஆனால் 28 நாள் பேக் போடுகிறவர் ஆண்டுக்கு 13 முறை ரீசார்ஜ் செய்கிறார். 365-ஐ 28-ஆல் வகுத்துப் பாருங்கள், பதின்மூன்று போக ஒரு நாள் மிச்சமும் வரும். 'மாசம் 199 ரூபாய்தானே' என்று மனக்கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 2,388 ரூபாய். கையை விட்டு உண்மையில் போவது 2,587.

● இதற்கு மாற்று உண்டு. 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் ஓர் உத்தரவு போட்டது. 30 நாள் ஓடுகிற பேக்கும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கிற பேக்கும் ஒவ்வொரு கம்பெனியிடமும் இருந்தே ஆக வேண்டும் என்பது அதன் சாரம். வைத்திருக்கிறார்கள். ஆனால் யாரும் தானாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள், நாமாகக் கேட்க வேண்டும். சம்பளத் தேதியோடு ரீசார்ஜையும் முடித்துவிட நினைப்பவருக்கு இரண்டாவது வகை தோது.

● ப்ரீபெய்டில் இன்றைக்கு நிமிடத்துக்கு விலை இல்லை, நாளுக்குத்தான் விலை. அன்லிமிடெட் பேக் போட்டவர் ஒரு நிமிடம் பேசினாலும் ஒன்பது மணி நேரம் பேசினாலும் கட்டுகிற பணம் ஒன்றுதான். அதனால் எந்தத் திட்டத்தைக் கண்டாலும் முதல் வேலையாக விலையை நாட்களால் வகுத்துவிடுங்கள். 2024 ஜூலையில் கட்டணம் ஏறியபின் ஏர்டெலின் 199 ரூபாய் பேக்குக்கு 28 நாள், அதாவது நாளுக்கு 7 ரூபாய் 11 காசு. தினம் 1.5 ஜிபி டேட்டா தருகிற ஜியோவின் 299 ரூபாய் பேக்குக்கும் 28 நாள்தான், அது நாளுக்கு 10 ரூபாய் 68 காசு. விலைகள் இனியும் ஏறும், இறங்கும் (இறங்கும் என்பது மரியாதைக்குச் சொன்னது). வகுத்தல் கணக்கு மட்டும் மாறாது.

● நெட்டே தொடாதவர்கள் நெட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டிக்கொண்டிருந்த காலம் ஒன்று நெடுநாள் ஓடியது. 2024 டிசம்பர் 23-ல் ட்ராய் விதியைத் திருத்தி, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் ஒன்றையாவது ஒவ்வொரு கம்பெனியும் தர வேண்டும் என்றது. அதுவரை 90 நாளாக இருந்த உச்சவரம்பும் இத்தகைய பேக்குகளுக்கு 365 நாளாக நீண்டது. 2025 ஜனவரியில் பேக்குகள் வந்தன. வந்த வேகத்தில் விலை அதிகம் என்ற முணுமுணுப்பு எழ, சில நாளிலேயே குறைத்தார்கள். ஏர்டெலில் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849 ரூபாய் என்று வந்து நின்றது. ஆண்டு பேக்கை வகுத்தால் நாளுக்கு 5 ரூபாய் 7 காசு. 199 ரூபாய் பேக்கைப் பதின்மூன்று முறை போடுகிறவரோடு ஒப்பிட்டால் மிச்சம் 738 ரூபாய்.

● அதே சமயம் ஜியோ கொண்டுவந்த 1,748 ரூபாய் பேக்குக்கு 336 நாள். பன்னிரண்டு 28 நாட்கள். பார்த்தவுடன் ஆண்டு பேக் போலத் தோன்றும், ஆனால் ஆண்டுக்கு 29 நாள் குறைவு. நாளுக்கு 5 ரூபாய் 20 காசு விழுகிறது. எண்ணில் 1,748 சிறியதுதான், நாள் கணக்கில் 1,849 மலிவு.

● ஊரில் இருக்கும் அம்மாவிடம் பழைய பட்டன் போன் இருக்கிறதா? பேக்கின் விலையைப் பார்ப்பதற்கு முன் போனைப் பாருங்கள். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி சேவையே கிடையாது, முழுக்க 4ஜி, 5ஜிதான். 2ஜி மட்டும் தெரிந்த பட்டன் போனில் ஜியோ சிம்மைப் போட்டால் மணி அடிக்காது. இதற்காகவே ஜியோ 2023-ல் 999 ரூபாய்க்கு 4ஜி பட்டன் போன் ஒன்றை விட்டது. ஜியோபாரத் என்று பெயர். அதற்கென்றே 28 நாளுக்கு 123 ரூபாயில் தனி பேக்கும் வந்தது. அந்த பேக் அந்தப் போனில் மட்டும்தான் செல்லும், சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் நடக்காது.

● வங்கிக்கும் ஆதாருக்கும் கொடுத்த நம்பர் ஒன்று, தினம் பேசுகிற நம்பர் ஒன்று என்று இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் இரண்டிலும் டேட்டா பேக் போடுவது வீண் செலவு. ஓடிபி என்பது உள்ளே வருகிற எஸ்எம்எஸ், அதற்கு டேட்டா வேண்டாம். அந்த சிம்முக்குப் பேச்சு மட்டும் உள்ள நீண்ட நாள் பேக்கே தாராளம். 1,849 ரூபாயை மாதக் கணக்கில் பார்த்தால் 154 ரூபாய் வருகிறது. வீட்டில் வைஃபை இருந்தால் அதே சிம் உள்ள போனில் வாட்ஸ்ஆப்பும் ஓடும்.

இதற்கு நேர் எதிர், நாள் முழுக்க வண்டியில் இருக்கும் ஓட்டுநர். பேச்சும் வேண்டும், வரைபடமும் வேண்டும், யுபிஐயில் பணம் வந்ததா என்றும் பார்க்க வேண்டும். அவர் டேட்டா இல்லாத பேக்கில் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் அன்றைய முதல் சவாரியிலேயே மாட்டிக்கொள்வார்.

● நெட் வேண்டும், ஆனால் எவ்வளவு? தினம் 1.5 ஜிபி என்றால் 28 நாளுக்கு 42 ஜிபி. நள்ளிரவு 12 மணிக்கு அன்றைய மிச்சம் காணாமல் போகும் (வார நாளின் மிச்சத்தைச் சனி, ஞாயிறுக்குத் தள்ளித் தருகிற பேக்குகள் வி-யிடம் உண்டு). வாட்ஸ்ஆப்பில் செய்தி, கொஞ்சம் போட்டோ, இரண்டு யுபிஐ என்று நாளை ஓட்டுகிறவருக்கு மாதம் முழுவதற்கும் 2 ஜிபி தருகிற பேக் போதும். மாலையில் சீரியலை போனில் பார்க்கிற பழக்கம் இருந்தால் 2 ஜிபி இரண்டு நாள் தாங்காது. உங்கள் போனின் செட்டிங்ஸில் டேட்டா பயன்பாடு என்று ஒரு பக்கம் இருக்கும். போன மாதம் எவ்வளவு தீர்ந்தது என்று அதில் எழுதியே இருக்கிறது. ரீசார்ஜ் கடைக்குப் போகும் முன் அதை ஒருமுறை பாருங்கள். தினசரி அளவு தீர்ந்துவிட்டால் நெட் பெரும்பாலும் அறவே நிற்காது, 64 கேபிபிஎஸ் வேகத்துக்கு இறங்கும். எழுத்துச் செய்தி போகும், வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும்.

● தினம் 100 எஸ்எம்எஸ் என்ற வரம்பு எங்கிருந்து வந்தது? 2011-ல் விளம்பரத் தொல்லையை அடக்க ட்ராய் தினசரி எஸ்எம்எஸ் எண்ணிக்கைக்குக் கடிவாளம் போட்டது. பிறகு 100-ஐத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 50 காசு என்று ஆனது. அந்த 50 காசு விதி 2020-ல் போய்விட்டது, 100 மட்டும் பேக்குகளில் ஒட்டிக்கொண்டது. தீபாவளி, பொங்கல் அன்று எஸ்எம்எஸ் சலுகை செல்லாது என்று கம்பெனிகள் அறிவித்த நாட்கள் நினைவிருக்கிறதா? வாழ்த்தை முதல் நாள் இரவே அனுப்பிவிடுகிற சாமர்த்தியசாலிகள் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள்.

● இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-ல் நடந்தது. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அந்தக் காலத்தில் போன் செய்தவருக்கும் காசு, எடுத்தவருக்கும் காசு. இன்கமிங் இலவசமானது 2003 மே மாதத்தில்தான். மிஸ்டு கால் என்ற கலை வளர்ந்த கதை இதோடு சேர்ந்தது. ஒரு ரிங் விட்டு வைத்தால் 'வந்து சேர்ந்துவிட்டேன்', இரண்டு ரிங் என்றால் 'நீ கூப்பிடு'. காசே இல்லாத தந்தி அது.

● 2009-ல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு காசு என்று வந்தபோது மற்ற கம்பெனிகள் ஆடிப்போயின. அதுவரை நிமிடக் கணக்கு. 61 நொடி பேசினால் இரண்டு நிமிடத்துக்குக் கழியும். டோகோமோவில் 61 காசோடு முடிந்தது. 'ரெண்டு நிமிஷத்துக்குள்ள சொல்லி முடி' என்று கடிகாரத்தைப் பார்த்தபடி பேசிய குடும்பங்கள் அந்த வருஷம்தான் மூச்சு விட்டுப் பேசத் தொடங்கின. பின்னாலேயே எல்லாக் கம்பெனியும் நொடிக் கணக்குக்கு வந்தது. இன்று டோகோமோ இல்லை. 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கி இந்தப் பக்கம் பாதிப் பேர் சட்டைப்பையில் இருந்த ஏர்செல்லும் 2018-ல் மூடிவிட்டது. மிஞ்சியவை ஜியோ, ஏர்டெல், வி, பிஎஸ்என்எல். தேர்ந்தெடுக்க நான்கே கம்பெனி என்பதால்தான் கம்பெனியை மாற்றுவதைவிட பேக்கை மாற்றுவதில் மிச்சம் அதிகம் என்கிறேன்.

● 10 ரூபாய் டாப்-அப் போட்டால் 7 ரூபாய் 47 காசு மட்டும் ஏறுவது ஏன்? முதலில் 18 சதவீத ஜிஎஸ்டி, அதன்பின் கம்பெனியின் கட்டணம். டாப்-அப்பில் பத்து சதவீதம் அல்லது 3 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் கம்பெனி எடுக்கலாம். 3 ரூபாய்க்கு மேல் போக முடியாது என்பதால் சின்னச் சின்னதாகப் போடுவதைவிடப் பெரிதாகப் போட்டால் லாபம். 100 ரூபாய்க்கு 81 ரூபாய் 75 காசு கிடைக்கும். பத்துப் பத்தாகப் பத்துமுறை போட்டால் 74 ரூபாய் 70 காசுதான்.

அன்லிமிடெட் பேக் உள்ளவருக்கு டாப்-அப் எதற்கு? வெளிநாட்டுக்கு நேராக போன் செய்ய வேண்டுமானால் தேவைப்படும். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்ஆப் குரல் அழைப்பு தடுக்கப்பட்டிருக்கிறது. துபாயில் பிள்ளை இருக்கிற வீட்டில் ஐஎஸ்டி பேக் விலையை விசாரித்து வைப்பது நல்லது. அங்கிருந்து அவர் கூப்பிட்டால் இங்கே எடுப்பவருக்குச் செலவில்லை.

● பேக் முடிந்தால் அவுட்கோயிங் உடனே நிற்கும். இன்கமிங் இன்னும் சில நாள் தாக்குப்பிடிக்கும். எத்தனை நாள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. 2018 கடைசியில்தான் இந்தக் கெடுபிடி தொடங்கியது. சிம் உயிரோடு இருக்க 28 நாளுக்கு ஒருமுறை குறைந்தது 35 ரூபாய் போட வேண்டும் என்றார்கள். அதற்கு முன் 'லைஃப்டைம்' சிம் வாங்கி இன்கமிங்குக்கே வைத்திருந்தவர்கள் ஏராளம். லைஃப்டைம் என்றது நம் ஆயுளை அல்ல, கம்பெனியின் உரிமம் உள்ள காலத்தை!

● அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு பாதுகாப்பு 2013 முதல் உண்டு. 90 நாள் தொடர்ந்து எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால்தான் சிம்மைத் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அப்போதும் துண்டிக்கக் கூடாது. அந்த 20 ரூபாயைக் கழித்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்க வேண்டும். பேலன்ஸ் இல்லாமல் துண்டித்தாலும் 15 நாளுக்குள் கேட்டால் நம்பரைத் திரும்பப் பெறலாம். அதையும் விட்டால் நம்பர் போயிற்று. குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். பிறகு உங்கள் வங்கி அனுப்பும் ஓடிபி அவர் போனில் போய் விழும். மாற்ற மறந்த நம்பர் வங்கிக் கணக்கில் இருந்தால் இன்றே போய் மாற்றுங்கள்.

● ஆறு மாதத்துக்கு மேல் வேலிடிட்டி சொல்லி முன்பணம் வாங்கிய திட்டத்தில், சொன்ன காலம் முடியும்வரை கட்டணத்தை ஏற்ற முடியாது. நீண்ட நாள் பேக்கின் இன்னொரு லாபம் இது. 2024 ஜூலையில் விலை ஏறுகிறது என்று தெரிந்ததும் பழைய விலையிலேயே அவசரமாக ஆண்டு பேக் போட்டவர்கள் அதன்பின் ஓராண்டுக்கு உயர்வைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஒரேயடியாக 1,800 ரூபாய் எடுத்துவைக்க முடியாதவர்தான் சின்ன பேக்காகப் போட்டு நாளுக்கு அதிகம் கொடுக்கிறார் என்பது இந்த வியாபாரத்தின் அழகற்ற பக்கம்.

● போன்பே, பேடிஎம், கூகுள் பே வழியாக ரீசார்ஜ் செய்தால் ஒன்றிரண்டு ரூபாய் தனியாகக் கழிவதைக் கவனித்திருக்கிறீர்களா? கம்பெனியின் சொந்த ஆப்பில் அது பெரும்பாலும் இருக்காது.

● நீங்கள் யாரிடம் எவ்வளவு பேசுகிறீர்கள் என்ற கணக்கைக் கம்பெனியிடமே கேட்டு வாங்கலாம். ப்ரீபெய்டு வாடிக்கையாளர் கேட்டால், கடந்த ஆறு மாதத்துக்குள்ளான பயன்பாட்டு விவரத்தை 50 ரூபாய்க்கு மிகாத கட்டணத்தில் 30 நாளுக்குள் தர வேண்டும் என்பது 2012 முதல் விதி. போஸ்ட்பெய்டு பில்லில் வருகிற அதே விவரம்தான். நாட்டில் பத்தில் ஒன்பது சிம் ப்ரீபெய்டு, ஆனாலும் இதைக் கேட்டு வாங்கியவர் யாரையும் எனக்குத் தெரியாது.

● பேக்கை மாற்றியும் சரிப்படவில்லை, வீட்டுக்குள் சிக்னலே வருவதில்லை என்றால் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றலாம். ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். பதிலாக வரும் குறியீடு நான்கு நாள் செல்லும். அதற்குள் புதிய கம்பெனியின் கடைக்குப் போய்விடுங்கள். தமிழ்நாட்டு வட்டத்துக்குள் என்றால் (சென்னையும் புதுச்சேரியும் இதில் அடக்கம்) மூன்று வேலை நாளில் மாறிவிடும். இப்போதைய கம்பெனியில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும், சிம்மைப் புதிதாக மாற்றி வாங்கியிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும். மலிவான பேக்கில் எஸ்எம்எஸ் வசதியே இல்லையே, 1900-க்கு எப்படி அனுப்புவது என்ற கேள்வி எழும். அந்தச் சிக்கல் 2021-ல் ட்ராய் வரை போனது. எந்த பேக் போட்டிருந்தாலும், எவ்வளவு குறைந்த விலையானாலும் 1900-க்கான எஸ்எம்எஸ்ஸைத் தடுக்கக் கூடாது என்று அந்த ஆண்டு டிசம்பரில் எல்லாக் கம்பெனிகளுக்கும் உத்தரவாயிற்று.