தண்டவாளம் உடைஞ்சதால வண்டி கவிழ்ந்ததா... வண்டி கவிழ்ந்ததால தண்டவாளம் உடைஞ்சதா?

சேலம், நாமக்கல் பக்கம் ரயில் பாதையை ஒட்டி வீடு இருக்கிறவங்களுக்கு கூட்ஸ் வண்டிச் சத்தம் தாலாட்டு மாதிரி. மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி, நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு மக்காச்சோளம்னு எவ்வளவோ சரக்கு அதுலதான் வருது. ஆனா, தடம் புரண்டால்தான் அதைப் பத்தி நாம பேசுவோம்.

2025 ஜூலை 13 ஞாபகம் இருக்கா? ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் திருவள்ளூர் அருகே தடம் புரண்டு தீப்பிடித்தது. 18 டேங்கர்கள் எரிந்தன. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. சேலம் வழியாக சென்னை போகும் பல ரயில்கள் அன்று ரத்து. கொஞ்ச நேரத்திலேயே, ‘தண்டவாளத்தில் விரிசல்’ என்று செய்தி வந்தது.

அப்போ காரணம் தெரிஞ்சுபோச்சுன்னு நினைப்போம். விசாரணை அதிகாரிகளுக்கு அங்கேதான் வேலையே ஆரம்பிக்குது. அந்த விரிசல் விபத்துக்குக் காரணமா, விபத்தின் விளைவா?

முதல் சக்கரம் எங்கே இறங்கியது?

கவிழ்ந்து கிடக்கும் பெட்டிகளை விட்டுட்டு, அதிகாரிகள் பின்னோக்கி நடப்பாங்க. ரயில் சக்கரத்தின் உள்பக்கம் சுமார் 3 செ.மீ. உயரத்துக்கு ஒரு விளிம்பு உண்டு. சக்கரத்தைத் தண்டவாளத்தில் பிடித்து வைப்பது அதுதான். அது மேலே ஏறினால், தண்டவாளத்தின் தலையில் கீறல் விழும். கீறல் முடியும் இடத்தில் சக்கரம் கீழே இறங்கியிருக்கும். அதற்குப் பிறகு ஸ்லீப்பர்களில் வெட்டுக்காயங்கள். அந்த முதல் தடயம்தான் வழக்கின் சாவி.

அங்கிருந்து பின்பக்கமாகப் பாதையை அளப்பாங்க. அகலம் 1,676 மி.மீ. இருக்கணும். கூடியிருக்கா, ஒரு பக்கம் தாழ்ந்திருக்கா, ஜல்லி குறைவா?

உடைந்த முகம் பேசும்

தண்டவாளம் உடைந்திருந்தால் அந்த முகத்தைப் பாருங்க. பழைய விரிசல் என்றால் துருவேறிக் கருத்திருக்கும். அப்போதுதான் உடைந்தது பளபளன்னு இருக்கும். முன்பே உடைந்திருந்தால், ஒவ்வொரு சக்கரமும் இடைவெளியைத் தாண்டும்போது எதிர்முனையில் இடிக்கும். அந்த முனை நசுங்கிப் போயிருக்கும். பிரிட்டனில் 2000-ம் ஆண்டு ஹாட்ஃபீல்டு ரயில் விபத்தில், 300-க்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறிய தண்டவாளத்தை மறுபடி ஒட்டவைத்துப் பார்த்துதான், விரிசல் முன்பே இருந்ததை உறுதி செய்தார்கள்.

பாதை சரியாக இருந்தால், பெட்டியின் பக்கம் திரும்புவாங்க. சக்கரம் தேய்ந்திருக்கா, ஸ்பிரிங் உடைஞ்சதா, பேரிங் சூடாகி இறுகியதா, சரக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததா? இன்ஜினில் உள்ள வேகப்பதிவுக் கருவி, டிரைவர் எவ்வளவு வேகத்தில் வந்தார், எப்போது பிரேக் பிடித்தார் என்பதைச் சொல்லிவிடும்.

எல்லோரும் சேர்ந்து ஒரு கையெழுத்து

பாதைப் பிரிவு ‘பெட்டிதான் கோளாறு’ என்றும், பெட்டிப் பிரிவு ‘பாதைதான் கோளாறு’ என்றும் சொல்வது வழக்கமான சண்டை. அதனால், எல்லாப் பிரிவு மேற்பார்வையாளர்களும் சம்பவ இடத்திலேயே கூட்டாக அளந்து, குறிப்பு எழுதி, கையெழுத்துப் போடணும். ஒத்துக்கொள்ளாதவர் தன் காரணத்தையும் எழுதலாம். பயணிகள் ரயில் சம்பந்தப்பட்ட பெரிய விபத்து என்றால் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வருவார். 2024 அக்டோபரில் கவரைப்பேட்டையில் நின்றிருந்த சரக்கு ரயில் மீது பாக்மதி எக்ஸ்பிரஸ் மோதியபோது அப்படித்தான் நடந்தது. அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருபவர் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருப்பவர். தன் தப்பைத் தானே விசாரிக்கக் கூடாதுன்னு இந்த ஏற்பாடு.

இவ்வளவும் எதுக்குன்னா, விபத்து நடந்தா ‘டிரைவர் தூங்கிட்டாரு’, ‘கீமேன் சரியா பார்க்கலை’ன்னு நாம சுலபமா சொல்லிடுறோம். தினமும் சுத்தியலோடு மைல் கணக்கில் நடக்கிற கீமேனின் வேலையும், டிரைவரின் பேரும் அந்த ஒரு கீறல், ஒரு துருக்கறையில்தான் தொங்குது. தப்பான ஆளைத் தண்டிச்சா, உண்மையான கோளாறு அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும்.

கடைசியா, நாமும் ஒண்ணு செய்யலாம். லெவல் கிராசிங்கில் நிற்கும்போது, போகும் வண்டியில் தீப்பொறி, புகை, எதுவாவது தொங்கி இழுபடுவது தெரிஞ்சா கேட்கீப்பரிடம் உடனே சொல்லுங்க. அவர் பக்கத்தில் இல்லைன்னா 139-க்கு போன் போடுங்க.